ஒரு நாள் இளையவருக்கு, ஒரு நாள் மூத்தவருக்கு: மருந்தாய்வில் பங்கேற்ற ஒரு செட்டிநாட்டு வீட்டின் நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றில், கார்த்திகைச் சோமவாரத்துக்கு மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணியளவில், 70 வயதான ஒரு பெண்மணி தம் வீட்டு வளவில் தூணைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் நாள் விரதம். இரவும் அவர் சாப்பிடவில்லை. சேலை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாரே தவிர, கூப்பிடுவது யார் என்று அவருக்குப் புலப்படவில்லை. வீட்டில் இருந்த மற்றொருவர் அவருடைய ஓர்ப்படியாள், 63 வயதானவர். அவர் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டிப் பார்த்தார். பாதி கடைவாயில் வழிந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றபோது ரத்தச் சர்க்கரை 48 மில்லிகிராம் என்று கருவி காட்டியது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய கால்மணி நேரத்தில் கண் தெளிந்து, "விளக்கேத்தியாச்சா?" என்று கேட்டார்.

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பணியிலிருந்த மருத்துவர் கேட்டதும், இளையவர் கையோடு கொண்டுவந்திருந்த மஞ்சள் பையை மேசையில் கவிழ்த்தார். சர்க்கரையைக் குறைக்கும் மெட்பார்மின் அட்டை, கிளிமிபிரைடு அட்டை, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று ஆகியவற்றோடு, மருந்தின் பெயர் இல்லாத ஒரு வெள்ளைப் புட்டியும் விழுந்தது. "மருந்தாய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்ற வரியும், ஓர் எண்ணும், ஒரு பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் தொலைபேசி எண்ணும் அதன்மேல் இருந்தன. புட்டி இளையவருடையது. ஆய்வில் சேர்ந்திருந்தவர் அவர்தான். மயங்கியவர் அந்த ஆய்வில் இல்லை.

மருந்தாய்வில் பங்கேற்பவர்களின் பாதுகாப்பைக் கவனித்து ஒப்புதல் தரும் அந்தக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் நான் ஓர் உறுப்பினன். மருத்துவம் படித்தவன் அல்லன். இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். 2019 மார்ச் 19 அன்று வெளியான புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகளின்படி இத்தகைய குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். ஒரு பெண்ணும், சட்டம் அறிந்த ஒருவரும், எந்தத் துறையையும் சாராத ஒரு சாதாரண மனிதரும் இடம்பெற வேண்டும். கடைசியாகச் சொன்ன இடம் என்னுடையது. நியமனக் கடிதத்தில் "பாமர உறுப்பினர்" என்று அச்சடித்திருந்தார்கள். வாழ்நாளெல்லாம் இலக்கணம் நடத்தியவனுக்கு அது முதலில் உறுத்தியது. இந்த நிகழ்வுக்குப் பிறகு உறுத்தவில்லை. குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, குழுவின் முன் வந்த இந்த நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன். ஊராரும் வீட்டாரும் அழைப்பதுபோலவே இருவரையும் மூத்த ஆச்சி, இளைய ஆச்சி என்றே குறிப்பிடுகிறேன்.

வீடும் ஆய்வும்

முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு மறு தெருவிலுமாக நீண்டு கிடக்கும் வீடு அது. கல்யாணத்துக்கும் படைப்புக்கும் நிறைந்துவிடும். மற்ற நாள்களில் இரண்டு விதவைப் பெண்களும் காலையில் வந்துபோகும் ஒரு வேலைக்காரப் பெண்ணும்தான். திருமணமான மகனை வேறு வைக்கும் வழக்கப்படி, மருமகளாக வந்த நாளிலிருந்தே இருவருக்கும் தனித்தனி அறை, தனி அடுப்படி, தனிக் கணக்கு. வளவு மட்டும் பொது. ஒருவர் அடுப்பில் வைத்த குழம்பு மற்றவர் இலைக்கும் போகும். ஆனால் போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்பது இருவர் மனத்திலும் இருக்கும். கஞ்சத்தனம் என்று வெளியூர்க்காரர்கள் இதைத் தவறாக நினைப்பதுண்டு. கணக்கு இருப்பதால்தான் இத்தனை ஆண்டுகள் மனத்தாங்கல் இல்லாமல் ஒரே கூரையின்கீழ் இருக்க முடிந்தது என்று இளைய ஆச்சியே என்னிடம் சொன்னார்.

ஊர் நகரவிடுதியில் பல்கலைக்கழகத்தார் நடத்திய சர்க்கரை நோய் முகாமுக்கு இருவரும் போயிருக்கிறார்கள். மெட்பார்மினோடு கூடுதலாகக் கொடுக்கப்படும் ஒரு புதிய மாத்திரையைப் பற்றிய மூன்றாம் கட்ட ஆய்வுக்கு அங்கே ஆள் சேர்த்தார்கள். காலம் 24 வாரம். பங்கேற்பாளர்களில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்துப்போலி, அதாவது பார்வைக்கு அதே மாத்திரை, உள்ளே மருந்தில்லை. யாருக்கு எது என்று கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. நான்கு வாரத்துக்கு ஒரு முறை, வெறும் வயிற்றோடு இரண்டு மணி நேரம் பேருந்தில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, பழைய புட்டியை ஒப்படைத்து, புதியதை வாங்கி வர வேண்டும். பேருந்துக் கட்டணமும் காலைச் சாப்பாட்டுச் செலவும் தரப்படும். அந்தத் தொகைக்கும் நெறிமுறைக் குழுவே ஒப்புதல் தர வேண்டும். இளைய ஆச்சியின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். நம் நாட்டில் மருந்தாய்வுகளை இந்திய மருந்தாய்வுப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். அந்தப் பதிவேட்டில் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் தாயாருக்குச் சரி சொன்னாராம். எங்கள் குழுவின் முன் வந்த குடும்பங்களில் அப்படிச் செய்தவர் அவர் ஒருவரே.

இருவரும் தகுதிப் பரிசோதனைக்கான இசைவுப் படிவத்தில் கையொப்பமிட்டு ரத்தம் கொடுத்தார்கள். இளையவரின் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி அளவு, 8.4, அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். மூத்தவருக்கு ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் தகவல் வந்தது: "உங்களுக்கு இது பொருந்தாது ஆச்சி." அவ்வளவுதான். இந்த ஒற்றை வரியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

திருவுளச் சீட்டு

தகவல் தாளில் "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்" என்று இருந்தது. அது ஆச்சிக்கு விளங்கவில்லை என்பதை ஆய்வு ஒருங்கிணைப்பாளர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். இந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்த இளம்பெண் அவர். கம்ப்யூட்டர் திருவுளச் சீட்டுப் போடும், அதில் எது வருகிறதோ அதைத் தருவோம் என்று விளக்கினார். இதைக் குழுவின் முன் அவரே முன்வந்து சொன்னார்; சொல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

யாருடைய விருப்பு வெறுப்பும் கலவாமல் ஒதுக்குவது என்ற பொருளில் அந்த உவமை குறையற்றது. பாடப்புத்தகத்தில் போடலாம். ஆனால் திருவுளச் சீட்டு என்ற சொல் தனியாக வருவதில்லை. சன்னிதியையும், பூவையும், சீட்டை எடுக்கும் குழந்தையின் கையையும் கூடவே அழைத்து வருகிறது. சீட்டில் வருவது தற்செயல் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை, அது உத்தரவு. கேட்டுவிட்டு மீறுவதைவிடக் கேட்காமலே இருப்பது மேல் என்பார்கள். ஆகவே, ஆய்வில் இடம் கிடைத்ததையே தமக்கு வந்த உத்தரவாக இளைய ஆச்சி எடுத்துக்கொண்டார். வந்தது மருந்துப்போலியாகவும் இருக்கலாம் என்பதை அவரிடம் சொல்லாமல் இல்லை. சொன்னார்கள், அவரும் தலையசைத்தார். ஆனால் சாமி கொடுத்த சீட்டில் வெறும் மாவு வருமா?

ஆராய்ச்சிக்காகக் கொடுப்பதைத் தமக்காகவே தேர்ந்தெடுத்த சிகிச்சை என்று பங்கேற்பாளர் நம்பிவிடுவதற்கு 1982ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவ நெறியாளர்கள் ஒரு பெயர் வைத்தார்கள். சிகிச்சை மயக்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். அந்த மயக்கம் எங்கும் உண்டு. நம் ஊரில் அதற்குத் திருநீறும் பூசிவிட்டோம் என்பதுதான் வேறுபாடு.

மூத்தவர் சேர்க்கப்படாததையும் இளையவர் அதே வழியில்தான் விளங்கிக்கொண்டார். "எனக்குச் சீட்டு விழுந்துச்சு, அவுகளுக்கு விழலை. ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போனோம்? அவுகளை வச்சுக்கிட்டு நான் மட்டும் எப்படிச் சாப்பிடுறது?" என்று அவர் கேட்டபோது எங்கள் குழுவில் இருந்த யாருக்கும் உடனே பதில் வரவில்லை. உண்மையில் மூத்தவர் சீட்டுப் போடும் கட்டத்துக்கே வரவில்லை. அதற்கு முன்பே விலக்கப்பட்டுவிட்டார். ஏற்கெனவே கிளிமிபிரைடு சாப்பிடுபவர்களை இந்த ஆய்வில் சேர்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். மூத்தவரைக் காப்பதற்காக வைத்த விதி, காரணம் சொல்லப்படாததால், அவருக்கு இழைத்த ஓரவஞ்சனையாக வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. அதை இளையவர் தம்மால் முடிந்த அளவில் சரிசெய்தார்.

எண்ணிக்கையும் கணக்கும்

ஒவ்வொரு புட்டியிலும் 35 மாத்திரைகள். 28 நாளுக்கு 28. பேருந்து கிடைக்காமலோ விசேஷத்தாலோ வருகை தள்ளிப்போனால் உதவும் என்று கூடுதலாக 7. திரும்பக் கொண்டுவரும் புட்டியில் 7 இருந்தால் பங்கேற்பாளர் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார் என்று கொள்வார்கள். இளைய ஆச்சி நான்கு முறை வந்தார். நான்கு முறையும் சரியாக 7. தினமும் நிரப்ப வேண்டிய பதிவு அட்டையிலும் ஒரு கட்டம் விடாமல் குறியிட்டிருந்தார். அந்த மையத்திலேயே மிக ஒழுங்கான பங்கேற்பாளர் என்று அவரைப் பற்றிக் கோப்பில் ஒரு குறிப்பும் இருக்கிறது.

ஒன்பதாம் நாளிலிருந்து அவர் ஒரு நாள் தாமும், ஒரு நாள் மூத்தவருமாகச் சாப்பிட ஏற்பாடு செய்திருந்தார். அதை மறைக்கவும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு ஒன்றில், பால் கணக்குக்கும் பூக்காரிக்குக் கொடுத்ததற்கும் கீழே, நாள்தோறும் "இ" அல்லது "மூ" என்று எழுதி வந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து வாங்கிய பேருந்துப் பணம் அதே பக்கத்தில் வரவு வைக்கப்பட்டிருந்தது. மயக்கம் வந்த காலை, ஆய்வின் 120ஆம் நாள். அதற்குள் 55 இடங்களில் "மூ" இருந்தது. நான் அந்த நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஓரிடத்தில் "மூ" எழுதி அடித்து, "இ (அவுக வாந்தி)" என்று திருத்தியிருந்தார். லட்சக்கணக்கில் செலவழித்து அச்சிட்ட ஆய்வேடுகள் எவற்றிலும் இல்லாத துல்லியம் அந்தத் திருத்தத்தில் இருந்தது. அந்த நோட்டைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருக்கும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

பதிவு அட்டையில் குறியிட்டதைப் பொய் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். அட்டையை வாங்கி, அதிலிருந்த கேள்வியைக் குழுவில் உரக்கப் படித்தேன்: "இன்றைய மாத்திரை எடுக்கப்பட்டதா?" புட்டியிலிருந்து எடுக்கப்பட்டதா என்றால், ஆம், ஒவ்வொரு நாளும் எடுக்கப்பட்டது. ஆச்சி உண்மையைத்தான் எழுதியிருக்கிறார். ஆங்கில மூலத்தில் அந்தச் சொல்லுக்கு உட்கொள்வது என்றும் பொருள் உண்டு, எடுப்பது என்றும் பொருள் உண்டு. தமிழில் "எடுத்துக்கொண்டீர்களா" என்று ஆளை முன்னிறுத்திக் கேட்டிருந்தாலாவது கொஞ்சம் தப்பித்திருக்கலாம். செயப்பாட்டு வினையில் கேட்டதால், சாப்பிட்டவர் யார் என்பது கேள்வியிலிருந்தே காணாமற்போனது.

இத்தகைய மொழிபெயர்ப்புகளைச் சரிபார்க்க ஒரு நடைமுறை இருக்கிறது. தமிழாக்கத்தை வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒப்பிடுவார்கள். எங்கள் கோப்பில் அந்தச் சான்றிதழ் இருந்தது. "எடுக்கப்பட்டதா" என்பது அச்சுப்பிசகாமல் மூலச் சொல்லுக்கே திரும்பிப் போயிருந்தது, ஒப்பீட்டில் முழுமதிப்பெண். தவறான மொழிபெயர்ப்பே இந்தச் சோதனையில் மிக எளிதாகத் தேறும் என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். தமிழ்த் தாள்களைப் படித்துப் பார்த்து ஒப்புதல் கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருவன். சந்திப்பிழை இரண்டைத் திருத்திக் கொடுத்ததும் நினைவிருக்கிறது. இந்தக் கேள்வியில் பிழை எதுவும் எனக்குப் படவில்லை.

மாத்திரையை எண்ணிப் பார்ப்பது மட்டும் போதாது என்பது தமிழ்நாட்டில் புதிய பாடமும் அன்று. 1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், காசநோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் மற்றதை அவரவர் வீட்டிலும் வைத்து வைத்தியம் செய்து பார்த்தது. வீட்டு வைத்தியமும் அதற்கு ஈடானதே என்று 1959இல் வெளியான முடிவுதான் காசநோயாளிகளை வீட்டிலிருந்து பிரித்து வைக்கும் முறையை உலகெங்கும் கைவிடச் செய்தது. அதில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் நெருக்கடியான குடிசை வீடுகளில் இருந்த ஏழைகள். அந்த ஆய்வாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மருந்தை எண்ணினார்கள். கூடவே சிறுநீரையும் சோதித்து, மருந்து உடம்புக்குள் போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். பெட்டியில் குறைந்தது வயிற்றுக்குள் போனதாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. எழுபது ஆண்டு ஆகப்போகிறது; அந்த வீட்டு வருகையை நாம் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டோம்.

பகிர்ந்ததால் ஆய்வுக்கு நேரும் கேடு ஆச்சிக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆனால் அது சிறியதன்று. பங்கேற்பாளரை ஒதுக்கப்பட்ட பிரிவிலேயே வைத்துத்தான் முடிவைக் கணக்கிடுவார்கள், அவர் மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். மருந்துப் பிரிவில் இருப்பவர் பாதியைப் பகிர்ந்துவிட்டால், மருந்தின் பலன் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். பலனுள்ள மருந்து பலனற்றதாகக்கூட ஒதுக்கப்படலாம். இதைப் பின்னர் இளைய ஆச்சியிடம் விளக்கியபோது, "பேரேட்டுல என் பேர்ல பற்று, சாப்பிட்டது அவுக. கணக்கு எப்படி நேராகும்?" என்று ஒரே வாக்கியத்தில் பிடித்துக்கொண்டார். திருவுளச் சீட்டுக்குப் பதில் பேரேட்டை வைத்து முதலிலேயே விளக்கியிருக்கலாம் என்று ஒருங்கிணைப்பாளர் வருந்தினார்.

குழுவின் முன்

ஆஸ்பத்திரி மருத்துவர் அன்று காலையே புட்டியில் இருந்த எண்ணுக்குப் பேசிவிட்டார். பங்கேற்பாளருக்குக் கடுமையான பாதகம் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும், ஆய்வை நடத்துவிக்கும் நிறுவனத்துக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் முதன்மை ஆய்வாளர் தெரிவிக்க வேண்டும். மயங்கியவர் பங்கேற்பாளரே இல்லை என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்காமல் அன்றே அறிக்கை அனுப்பினார். இந்த நிகழ்வில் அவரைக் குறித்து நான் எழுதும் குறைகளோடு இதையும் சேர்த்து எழுதுவதே நியாயம். புட்டியில் இருந்தது மருந்தா போலியா என்ற குறியீட்டை அவசரமாகத் திறக்கவும் அவர் முயலவில்லை. எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டிய வைத்தியம் குளுக்கோஸ்தான் என்பதால் அது சரியான முடிவு. கிளிமிபிரைடால் இறங்கிய சர்க்கரை, ஏற்றிய பிறகும் மறுபடி இறங்கக்கூடும். அதனால் மூத்த ஆச்சியை ஒரு பகலும் ஓர் இரவும் வைத்திருந்து அனுப்பினார்கள்.

குழு கூடியபோது பேச்செல்லாம் பகிர்ந்ததைப் பற்றியே இருந்தது. விதியை மீறியதற்காக இளைய ஆச்சியை ஆய்விலிருந்து நீக்கிவிடலாம் என்பது ஆய்வாளர் தரப்பின் முன்மொழிவு. மருந்தைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை தகவல் தாளில் இருக்கிறதா என்று வெளியிலிருந்து வந்த எங்கள் தலைவர் கேட்டார். இருந்தது, 14 பக்கத் தாளின் ஒன்பதாம் பக்கத்தில், மாத்திரையை ஈரம்படாமல் வைப்பது பற்றிய வரிக்கு அடுத்து. ஏன் கொடுக்கக் கூடாது என்ற காரணம் எங்கும் இல்லை.

பேச்சைத் திருப்பியவர் குழுவில் இருந்த மருந்தியல் பேராசிரியை. மூத்த ஆச்சியின் தகுதிப் பரிசோதனைத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். விலக்கியதற்குக் காரணங்கள் இரண்டு என்று அதில் இருந்தது. ஒன்று கிளிமிபிரைடு. மற்றது, ரத்தத்தில் கிரியாட்டினின் உயர்ந்திருந்தது. சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. சிறுநீரகம் தளர்ந்தவருக்குக் கிளிமிபிரைடின் வேகம் நீடிக்கும்; அளவைக் குறைக்க வேண்டும் அல்லது வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். மூத்த ஆச்சிக்கு மருந்தெழுதும் உள்ளூர் மருத்துவருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் எங்கள் கல்லூரியில் இருந்தார்கள்; தாளில் "தகுதியின்மை" என்று வட்டமிட்டு, கோப்பில் வைத்து, "உங்களுக்கு இது பொருந்தாது ஆச்சி" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். ஆடியில் தெரிந்த செய்தி கார்த்திகை வரை அலமாரியில் கிடந்தது. அதற்கிடையே அந்த அம்மாள் காலையும் இரவும் அதே அளவு கிளிமிபிரைடைச் சாப்பிட்டு வந்தார். சோமவாரத்தன்றும் இரவு உணவைத்தான் விட்டார், மாத்திரையை விடவில்லை.

பகிர்ந்த மாத்திரையே மயக்கத்துக்குக் காரணம் என்று அதுவரை எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம், இளைய ஆச்சி உட்பட. ஆய்வு முழுவதும் முடிந்து குறியீடுகள் திறக்கப்பட்டபோது, அவருடைய புட்டிகள் அனைத்திலும் இருந்தது மருந்துப்போலி என்று தெரியவந்தது. ஆக, 55 மாத்திரைகளும் மூத்தவரை ஒன்றும் செய்யவில்லை. அவரை வீழ்த்தியவை தளர்ந்த சிறுநீரகமும், குறைக்கப்படாத கிளிமிபிரைடும், பட்டினி இரவும். மருந்துப் பிரிவின் சீட்டு விழுந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். எனவே பகிர்ந்தது பரவாயில்லை என்று யாரும் இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஆனால் நாங்கள் குற்றவாளியைத் தேடிய இடம் வேறு, குற்றம் இருந்த இடம் வேறு.

ஆஸ்பத்திரிச் செலவை யார் ஏற்பது என்பதில் இழுபறி இருந்தது. ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் பங்கேற்பாளருக்கு இலவச மருத்துவம் தர வேண்டும் என்று விதி சொல்கிறது. மூத்த ஆச்சி மருந்து பெறச் சேர்க்கப்படவில்லை, ஆகவே பங்கேற்பாளர் அல்லர் என்றது இன்சூரன்ஸ் தரப்பு. தகுதிப் பரிசோதனைக்கான இசைவுப் படிவத்தில் அவர் கையொப்பம் இருக்கிறதே, அந்த ரத்தத்தை ஆய்வுக்காகத்தானே எடுத்தீர்கள் என்றார் எங்கள் சட்ட உறுப்பினர். முடிவில் கல்லூரியே செலவை ஏற்றது. சட்டப்படி எது சரி என்பது அன்று தீரவில்லை. எடுத்த ரத்தத்தின் முடிவை அதைக் கொடுத்தவரிடம் சேர்ப்பது சட்டத்துக்கு முந்திய கடமை என்பதில் மட்டும் கருத்து வேற்றுமை இல்லை.

தகுதி பெறாதவர்களுக்கும் பரிசோதனை முடிவுகளை ஒரு வாரத்துக்குள் எழுத்தில் தருவது, விலக்கியதற்கான காரணத்தைப் புரியும்படி சொல்வது, வழக்கமான மருத்துவருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்புவது என்று தீர்மானித்தோம். பகிரக் கூடாது என்ற வரி காரணத்தோடு முதல் பக்கத்துக்கு வந்தது. பதிவு அட்டையில் கேள்வி "இன்றைய மாத்திரையை நீங்கள் விழுங்கினீர்களா?" என்று மாறியது. திருவுளச் சீட்டை என்ன செய்வது என்பதில்தான் நேரம் போனது. பூவா தலையா போடுவதுபோல என்று சொல்லலாம் என்றேன்; சூதாட்டம்போல இருக்கிறது, மருத்துவமனையின் மரியாதைக்குப் பொருந்தாது என்றார் ஒருவர். மரியாதை குறைந்தாலும் பரவாயில்லை, காசில் சாமி வருவதில்லை என்று தலைவர் முடித்து வைத்தார்.

பின்தொடர்வு

மூத்த ஆச்சியின் மருந்து மாற்றப்பட்டது. விரத நாளில் மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று அவருடைய மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு, பூசையறைக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டுப் பிள்ளையார் நோன்புக்கு இழை, அதாவது மாவில் வைத்து ஏற்றி விழுங்கும் நூல்திரி, எடுத்துக்கொள்ளலாமா என்று தொலைபேசியில் கேட்டாராம். மாவு சிறிதாக இருக்கட்டும் என்று பதில் வந்ததாம்.

இளைய ஆச்சியை நீக்கும் முன்மொழிவைக் குழு ஏற்கவில்லை. திருத்திய தாளைக் கொண்டு மறுபடி முதலிலிருந்து விளக்கி, தொடர்வதா விலகுவதா என்பதை அவரிடமே விடும்படி பரிந்துரைத்தோம். மார்கழியில் ஒருங்கிணைப்பாளர் வீட்டுக்கே சென்றார். குழுவின் சார்பில் நானும் உடன் சென்றேன். பட்டாலையில் பாய் விரித்து உட்கார்ந்து பேசினோம். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், எந்த நட்டமும் இல்லாமல் விலகலாம் என்று ஒருங்கிணைப்பாளர் படித்ததும் ஆச்சி நிறுத்தச் சொன்னார். "போன தடவையும் இது இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது என்றோம். "இருந்தும் கையெழுத்து வாங்குனீகளே, அப்ப அது எதுக்கு?"

அவர் கேட்டதன் பின்னணியை நான் அறிவேன். அந்த வீட்டுப் பெட்டகத்தில் மாமனார் காலத்துப் பர்மாப் பத்திரங்கள் இன்னும் இருக்கின்றன. நிலம் போய் எத்தனையோ காலமாகியும் கையொப்பத்துக்குரிய மதிப்பு போகவில்லை. திருமணத்தின்போது இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் இசைகுடிமானமும் அங்கேதான் இருக்கிறது. இசைவு என்று எழுதிக் கையொப்பமிட்டால் அது ஆயுளுக்கும் என்று வளர்ந்தவரிடம், அதே சொல்லைத் தலைப்பாகப் போட்ட ஒரு தாளை நீட்டி, இது உங்களைக் கட்டுப்படுத்தாது என்று ஒன்பதாம் பக்கத்துக்கு அப்பால் எங்கோ சொல்லியிருந்தோம். இந்தத் தாளில் கையொப்பமிடும் ஆச்சி கட்டுப்படுவதில்லை, எதிரில் கையொப்பமிடும் ஆய்வாளர்தான் கட்டுப்படுகிறார் என்று நான் விளக்கினேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் வேண்டாம்னா என்ன செய்வீக?" என்றார்.

"ஒண்ணும் இல்லை ஆச்சி. கடைசியா ஒரு தடவை ரத்தம் பாத்துக்குவோம், அதுவும் உங்களுக்குச் சம்மதம்னாத்தான். சர்க்கரைக்கு எப்பவும்போல எங்ககிட்டயே வரலாம்" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

ஆச்சி வேண்டாம் என்றார். காரணத்தையும் சொன்னார், சுருக்கமாக அல்ல. கால்மணி நேரம் சொன்னார். மூத்த ஆச்சி இரண்டாங்கட்டிலிருந்து காப்பியோடு வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு, சொன்னதை எழுத வேண்டாம் என்று கையால் சைகை காட்டினார். விலகல் படிவத்தின் ஒரு நகலை வாங்கிக் கோடு போட்ட நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். எங்கள் கோப்பில் உள்ள படிவத்தில் "பங்கேற்பாளர் தாமாக விலகினார்" என்ற வரிக்கு எதிரே குறி இருக்கிறது. காரணம் என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது.